கூலியும் வழிச்செலவும்

திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரையில் சுமார் 32 கிலோ மீட்டர் தூரத்திற்கு மெட்ரோ ரயில் போட வேண்டுமென்று தமிழ்நாட்டுச் சர்க்கார் அனுப்பிய யோசனையை 2025 நவம்பரில் மத்திய சர்க்கார் திருப்பி அனுப்பிவிட்டது. இருபது லட்சம் ஜனத்தொகை இல்லாத நகரத்துக்கு மெட்ரோ கிடையாது என்பது 2017-ஆம் வருஷத்துக் கொள்கையாம். அந்தக் கொள்கைக்கு 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கை ஆதாரமாக எடுத்துக் கொண்டார்கள். 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கை எடுக்காமலிருந்தவர்களும் அவர்களே. இதைக் குறித்து நமது நகரத்தில் எழுந்த கோபம் நியாயமானதே. ஆனால் அந்தக் கோபத்தின் இரைச்சலில் வேறொரு விஷயம் மறைந்து போயிற்று. மெட்ரோ வந்தாலும் வராவிட்டாலும், நாளைப் பொழுது விடியுமுன் உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேலைக்குப் புறப்படுகிறவர்கள் புறப்பட்டே தீரவேண்டும். அவர்கள் எதில் ஏறிப் போகிறார்கள், அதற்கு என்ன கொடுக்கிறார்கள், கொடுத்தது போக வீட்டில் என்ன கொண்டுபோய் வைக்கிறார்கள் என்ற கேள்விகளை நமது மேடைகளில் அதிகமாகக் கேட்க முடிவதில்லை.

வருமானத்துக்கும் வாகனத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றிப் பொதுவாக ஓர் அபிப்பிராயம் நிலவி வருகிறது. மிகக் குறைந்த கூலி வாங்குகிறவன் நடந்து போகிறான். கொஞ்சம் கூடுதலாக வாங்குகிறவன் சைக்கிளிலோ பஸ்ஸிலோ போகிறான். இன்னும் சற்று மேலே போனால் மோட்டார் சைக்கிள். அதற்கு மேல் கார். வருமானம் காரணம், வாகனம் காரியம் என்பது இதன் சாரம். இது பொய்யல்ல. ஆயினும் பாதி உண்மைதான். மற்றப் பாதி என்னவென்றால், வாகனமே வருமானத்தை நிர்ணயிக்கிறது என்பது. நடந்து போகிறவன் தன் கால் எட்டும் தூரத்திலுள்ள வேலையைத்தான் தேட முடியும். அந்த வட்டத்துக்குள் வேலை கொடுப்பவர் இரண்டு பேரோ மூன்று பேரோதான் இருப்பார்கள். அவர்கள் சொல்லுவதே கூலி. அதே ஊரில் காலை ஐந்து மணிக்கு ஒரு டவுன் பஸ் வந்து நின்றுவிட்டால், அந்த வட்டம் பத்து மைலுக்கு விரிந்துவிடுகிறது. பஸ்ஸில் ஏறிப் போகிறவனுக்கு மட்டுமல்ல, ஏறாமல் ஊரிலேயே நிற்கிறவனுக்கும் கூலி உயர வழி பிறக்கிறது. ஏனெனில், "கட்டாவிட்டால் மதுரைக்குப் போய்விடுவேன்" என்று அவனும் சொல்ல முடியும். ஆகையால் பஸ் கால அட்டவணையைப் போக்குவரத்து இலாகாவின் சொந்தக் காகிதம் என்று நாம் நினைப்பது பிழை. தொழிலாளியின் சம்பளப் பட்டியலில் பாதியை அந்த அட்டவணைதான் எழுதுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இதில் வரும் தொகைகள் உதாரணத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை; வாசகர்கள் தங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளலாம். உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒருவனுக்கு உள்ளூரிலேயே எட்டு மணி நேர வேலைக்கு 350 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். மதுரையில் கட்டிட வேலைக்கு வந்தால் 600 ரூபாய். வித்தியாசம் 250 ரூபாய். யாரும் மதுரைக்குத்தான் போகச் சொல்லுவார்கள். ஆனால் போக 40, வர 40, ஆக 80 ரூபாய் பஸ்ஸுக்குப் போகிறது. வீட்டிலிருந்து ரஸ்தாவுக்கு நடப்பது, பஸ்ஸுக்குக் காத்திருப்பது, பஸ்ஸில் உட்கார்ந்து அல்லது நின்று வருவது எல்லாம் சேர்த்து இரு வேளைக்கும் மூன்றரை மணி நேரம். 520 ரூபாயை பதினொன்றரை மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 45 ரூபாய் சொச்சம். உள்ளூர்க் கூலியைப் பங்கிட்டால் மணிக்கு 43 ரூபாய் 75 காசு. 250 ரூபாய் வித்தியாசம் என்று தோன்றியது, மணிக்கு ஒன்றரை ரூபாய் வித்தியாசமாகச் சுருங்கிவிடுகிறது.

அப்படியானால் ஏன் வருகிறான் என்று கேட்கலாம். அரிசிக் கடைக்காரனுக்கு மணிக்கணக்கில் கொடுக்க முடியாது, ரூபாய்க் கணக்கில்தான் கொடுக்கவேண்டும், அதனால் வருகிறான். நாளுக்கு 170 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காக மூன்றரை மணி நேரத் தூக்கத்தையும் பிள்ளைகளோடிருக்கும் நேரத்தையும் விற்கிறான். இதிலும் ஒரு அபாயம் உண்டு. கொத்தனார்களும் சித்தாட்களும் காலையில் வந்து நிற்கும் சந்திப்புகளில் எல்லோருக்கும் எல்லா நாளும் வேலை அகப்படுவதில்லை. ஆறு நாள் வந்து நான்கு நாள் வேலை கிடைத்தால், வாரத்துக்கு 2,400 ரூபாய் கூலியும் 480 ரூபாய் பஸ் செலவும் ஆகின்றன, மிச்சம் 1,920. உள்ளூரில் ஆறு நாளும் வேலை இருந்திருந்தால் 2,100 கிடைத்திருக்கும். ஆனால் உள்ளூரில் ஆறு நாள் வேலை எங்கே இருக்கிறது? மழை பொய்த்த வருஷத்தில் மூன்று நாள் கிடைத்தாலே அதிகம். வேலையில்லாமல் திரும்பிப் போகிற நாளின் பஸ் கட்டணத்தை எந்தக் கூலிப் பட்டியலிலும் காண முடியாது. அது முழுக்க முழுக்கத் தொழிலாளியின் தலையில் விழுகிற நஷ்டம்.

இந்த நஷ்டத்தையும் காத்திருப்பையும் தவிர்ப்பதற்கு ஜனங்கள் கண்டுபிடித்த உபாயம் மோட்டார் சைக்கிள். தவணையில் வாங்குகிறார்கள்; இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர் ஏறி வருகிறார்கள். 2021 ஆகஸ்டில் மதுரை மத்தியத் தொகுதியைச் சேர்ந்த நிதி மந்திரி சமர்ப்பித்த திருத்திய பட்ஜெட்டில் பெட்ரோல் மீதுள்ள வரி லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டது. மாகாணத்தில் 2 கோடியே 63 லட்சம் இருசக்கர வண்டிகள் ஓடுகின்றன, அவற்றில் போகிறவர்கள் பெரும்பாலும் உழைப்பாளிகளே என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். வருஷத்துக்கு 1,160 கோடி ரூபாய் வருமான நஷ்டம் என்றும் கணக்குக் காட்டினார்கள். இந்தச் சலுகையை நாம் குறை கூறவில்லை. பஸ் ஓடாத ரஸ்தாவில் போகிறவனுக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரமன்று. ஆனால் கார் வைத்திருப்பவருக்கும் அதே 3 ரூபாய் கிடைத்தது. லிட்டர் கூடக்கூடச் சலுகையும் கூடிற்று. நடந்து போகிறவனுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு குடும்பத்தில் ஒரு வண்டி இருந்தால் அது யாருடையது? சொல்ல வேண்டியதில்லை. காலையில் புருஷன் அதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். அவன் போகிற வழியும் மனைவி போகிற வழியும் ஒன்றாயிருந்தால் அவளுக்கும் இடம் உண்டு. இல்லையானால் அவள் பஸ்ஸை எதிர்பார்க்க வேண்டும், அல்லது நடக்க வேண்டும். வேலை செய்யும் ஸ்திரீகளுக்கு ஸ்கூட்டர் வாங்கப் பாதி விலையை, 25,000 ரூபாய்க்கு மேற்படாமல், மானியமாகக் கொடுக்கும் திட்டம் 2018 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. மீதிப் பாதிக்குப் பணமும், ஓட்டுவதற்கு லைசென்ஸும் உள்ளவர்களுக்கு அது உதவிற்று. நாற்று நடப் போகிற ஸ்திரீக்கு அது எட்டாத திட்டம்.

ஆகையினால்தான் 2021 மே 8 முதல் சாதாரண டவுன் பஸ்களில் ஸ்திரீகள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்யலாமென்று ஏற்பட்ட ஏற்பாட்டை நாம் கூலிச் சீர்திருத்தம் என்றே கருதுகிறோம். இதன் பலனாக ஒரு ஸ்திரீக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாகிறதென்று மாகாணத் திட்டக் கமிஷனின் ஆய்வு கூறிற்று. மாதம் 888 ரூபாய் என்பது தையல் கடையிலோ ஜவுளிக் கடையிலோ வேலை செய்யும் ஒரு பெண் தன் முதலாளியிடம் சம்பள உயர்வாகக் கேட்டிருந்தால் வாசலைக் காட்டியிருப்பார்கள். இந்தப் பிரயாணத்தை "ஓசி" என்று பரிகாசம் செய்தவர்கள் உண்டு. 2022-இல் மந்திரி ஒருவரே அவ்வாறு பேசி ஸ்திரீகளின் கோபத்துக்கு ஆளானார். லிட்டருக்கு 3 ரூபாய் வரி குறைந்தபோது கார்க்காரர்களை யாரும் ஓசி என்று சொன்னதாக நமக்கு ஞாபகமில்லை.

ஆனால் இந்தத் திட்டத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. அது டவுன் பஸ்ஸோடு முடிந்துவிடுகிறது. டவுன் பஸ் வராத கிராமத்தாருக்கும், நெடுந்தூர மொபசல் பஸ்ஸில் ஏறவேண்டியவர்களுக்கும் அது காகிதத்தில் உள்ள உரிமை. பஸ் வரும் ஊர்களிலும், அது வரும் நேரமே கேள்வி. டி. வி. எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று மதுரையில் முதியோர் சொல்லுவதுண்டு. அந்தக் கம்பெனியின் பஸ்கள் தேசியமயமாகி 1972-இல் பாண்டியன் ரோட்வேஸ் ஏற்பட்டது. பொதுச் சொத்தாக்கியதை நாம் ஆதரிக்கிறோம்; அது சரியான காரியம். ஆனால் பொதுச் சொத்தான பிறகும் கடிகாரம் அவசியந்தான். அரை மணி தாமதமாக வரும் பஸ் உத்தியோகஸ்தருக்கு ஒரு முணுமுணுப்போடு தீர்ந்து போகும். ஷிப்டு தொடங்கிய பிறகு வாசலில் வந்து நிற்கிற தொழிலாளிக்கு அது ஒரு நாள் கூலி. இரவு கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் ஷேர் ஆட்டோ. அதில் போகிற தொகை அந்த நாளின் கூடுதல் வேலைக்குக் கிடைத்த கூலியை அப்படியே விழுங்கிவிடும். இதை அறிந்தே பல ஸ்திரீகள் மாலை ஆறு மணிக்குமேல் நீடிக்கும் எந்த வேலையையும், அது எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தாலும், ஒப்புக்கொள்வதில்லை. "பெண்கள் பொறுப்பான வேலைக்கு முன்வருவதில்லை" என்று பின்னால் குறை கூறுகிறவர்கள் பஸ் அட்டவணையைச் சற்றுப் பார்ப்பது நல்லது.

பஸ் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறதென்பதை நடவுக் காலத்தில் மேலூர் ரஸ்தாவில் போய்ப் பார்க்கலாம். சாமான் ஏற்றும் சிறு வண்டியில், ஜனங்கள் "குட்டி யானை" என்று பெயரிட்டிருக்கும் வண்டியில், பதினைந்து இருபது ஸ்திரீகள் நின்றுகொண்டே நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார்கள். வண்டிக்காரனுக்குரிய வாடகை ஏதோ ஒரு வழியில் அவர்கள் கூலியிலிருந்துதான் வருகிறது. வண்டி கவிழ்ந்தால் என்ன ஆகும்? சரக்கு வண்டியில் பிரயாணியாகப் போகிறவருக்கு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டதல்ல என்று 2002-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சட்டத்தின் வாசகப்படி அந்தத் தீர்ப்பு சரியாக இருக்கலாம். வண்டிச் சொந்தக்காரன் மேல் டிக்ரி வாங்கலாம். கடனில் ஓடும் ஒரு வண்டியைத் தவிர வேறொன்றுமில்லாதவனிடம் அந்த டிக்ரியை எப்படி நிறைவேற்றுவது என்பது கோர்ட்டு அனுபவமுள்ளவர்களுக்குத் தெரியும்.

இந்த ஸ்திரீகள் சர்க்கார் கணக்கிலும் இல்லை. 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் வேலைக்குப் போகும் தூரத்தையும் வாகனத்தையும் விரிவாகக் கேட்டுப் பிரசுரித்தார்கள். மிகவும் பயனுள்ள கணக்கு. தேசத்தில் சுமார் 20 கோடிப் பேரிடம் கேட்டதில், நூற்றுக்கு 22 பேருக்கு மேல் நடந்து போகிறார்கள், 13 பேர் சைக்கிளில் போகிறார்கள், அதற்குச் சற்றுக் குறைவாக மோட்டார் சைக்கிளிலும், 11 பேருக்கு மேல் பஸ்ஸிலும் போகிறார்கள் என்று தெரிந்தது. ஆனால் இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டார்கள்? விவசாயிகளையும், விவசாயக் கூலிகளையும், குடிசைத் தொழில் செய்கிறவர்களையும் நீக்கி, "இதரத் தொழிலாளர்" என்ற வகுப்பாரிடம் மட்டும் கேட்டார்கள். வீட்டுக்குள்ளேயே தறி போட்டு நெய்யும் சௌராஷ்டிர நெசவாளரை நீக்கியதில் தவறில்லை; அவருக்குப் பிரயாணமே கிடையாது. நடவுக்குப் போகிறவள் வீட்டுக்கு எதிர் வயலில்தான் நடுகிறாள் என்று டில்லியில் எண்ணிவிட்டார்கள். அவள் குட்டி யானையில் இருபது மைல் போகிறாளென்பதை அவர்களுக்கு யார் சொல்லுவது? 2027-இல் எடுக்கப்போகும் கணக்கிலாவது அவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

தொழிலாளியை வேலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது முதலாளியின் கவலையாகவும் இருந்திருக்கிறது. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஹார்வி சகோதரர்கள் 1892-இல் மதுரை மில்லை ஆரம்பித்தபோது, நெசவும் நூற்பும் அறிந்த கைகள் நகரத்திலும், சம்சாரிகளின் கைகள் சுற்றுக் கிராமங்களிலும் இருந்தன. கிராமத்துக்காரர்கள் நடந்தே வந்தார்கள். பின்னாளில் திருப்பரங்குன்றத்தை அடுத்து ஹார்விபட்டி என்ற குடியிருப்பை மில்காரர்கள் கட்டினார்கள். அக்காலத்து நிலைமையில் அது நல்ல குடியிருப்புத்தான். இன்றும் ஒழுங்கான வீதிகளோடு இருக்கிறது. ஆயினும் வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கும்போது, வேலைநிறுத்தம் செய்ய நினைக்கிறவன் இரண்டு தடவை யோசிப்பான். 1918-இல் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் மதுரையில் தொழிலாளர் சங்கத்தை அமைத்துக் கூலியையும் வேலை நேரத்தையும் குறித்துப் போராடினார். அப்போராட்டங்களின் பலனாகவும், தேசமெங்கும் நடந்த கிளர்ச்சியின் பலனாகவும், பாக்டரிச் சட்டத்தில் வாரத்துக்கு 1922-இல் 60 மணியாகவும், 1934-இல் 54 மணியாகவும், 1946-இல் 48 மணியாகவும் வேலை நேரம் குறைந்தது. இருபத்துநான்கு வருஷங்களில் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்தைத் தொழிலாளி மீட்டுக்கொண்டான். மேலே நாம் போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்: நாளுக்கு மூன்றரை மணி, ஆறு நாளைக்கு இருபத்தொரு மணி. மில் வாசலில் மீட்டதை ரஸ்தாவில் இழந்துவிட்டான்.

2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடங்கொடுக்கும் மசோதா ஒன்று சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்பின் காரணமாக மே தினத்தன்று வாபஸ் பெறப்பட்டது. "நாலே நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு" என்று அதற்கு வக்காலத்து வாங்கியவர்கள், பன்னிரண்டோடு மூன்றரையைக் கூட்டிப் பார்த்தார்களா என்று தெரியவில்லை.

இப்பொழுது ஹார்விபட்டியின் இடத்தில் மில் வான் வந்திருக்கிறது. வாடிப்பட்டிக்கு அப்பால் திண்டுக்கல், வேடசந்தூர் வரையிலும் உள்ள நூற்பு மில்கள் கிராமம் கிராமமாக வான் அனுப்பிப் பெண்களை ஏற்றிச் செல்லுகின்றன. சில மில்கள் விடுதியிலேயே தங்கவைத்துக் கொள்ளுகின்றன. கட்டணமில்லை, வாசலுக்கே வண்டி வருகிறது, இதில் என்ன குறை என்று கேட்பார்கள். பாதுகாப்பு என்ற வகையில் குறையில்லை. தாய் தகப்பன்மார் அதை விரும்புவதும் இயல்பே. ஆனால் அந்த வான் ஒரே ஒரு மில்லுக்குத்தான் போகும். பக்கத்து மில்லில் கூலி கூடுதல் என்று கேள்விப்பட்டால் அங்கே இறங்க முடியாது. ஷிப்டு முடிந்த பிறகும் மேஸ்திரி சொல்லும்வரை வான் புறப்படாது என்றால் அதுவரை இருக்கத்தான் வேண்டும். பஸ் பொதுவானது, எங்கே இறங்குவதென்பது பிரயாணியின் இஷ்டம். வானில் அந்த இஷ்டம் முதலாளியிடம் போய்விடுகிறது. பஸ் வசதி நன்றாயுள்ள கிராமத்தில் மில் வானுக்கு ஆள் பிடிக்க வேண்டுமானால் கூலியைக் கொஞ்சம் உயர்த்தியே ஆகவேண்டும்.

இனிச் சட்டம் இவ்விஷயத்தை எப்படிப் பார்க்கிறதென்று கவனிப்போம். 1936-ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமும், 1948-ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் "கூலி" என்பதற்கு வியாக்கியானம் கூறும்போது பிரயாணப் படியை அதிலிருந்து நீக்கின. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த கூலிச் சட்டத் தொகுப்பும், சில நிபந்தனைகளோடு, அதையே பின்பற்றுகிறது. கூலியில் சேராதபடியால், வழிச்செலவைக் கொடு என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தவும் சட்டமில்லை. அதாவது, வேலைக்கு வருகிற வழி தொழிலாளியின் சொந்த விவகாரம். 1958-இல் சுப்ரீம் கோர்ட்டு முன் ஒரு வழக்கு வந்தது. சௌராஷ்டிரத்தில் உப்பளத் தொழிலாளர்கள் வேலை முடிந்து ஓடத்தில் கழியைக் கடக்கும்போது ஓடம் கவிழ்ந்து இறந்தார்கள். உப்பளத்துக்கு வெளியே, பொது வழியில் நடந்த விபத்து, ஆகையால் கம்பெனி பொறுப்பல்ல என்று தீர்ப்பாயிற்று. இந்த மனப்பான்மை மாற ஐம்பது வருஷங்களுக்கு மேல் பிடித்தது. 2010-இல் தொழிலாளர் அரசு இன்ஷ்யூரன்ஸ் சட்டத்தைத் திருத்தி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்து வேலையில் நேர்ந்ததாகவே கருதப்படும் என்றார்கள். இதற்குப் பத்து வருஷங்களுக்கு முன், 2000-இல், ஸ்திரீகள் இரவு ஷிப்டில் வேலை செய்யக்கூடாதென்ற தடையைச் சென்னை ஹைகோர்ட்டு ரத்துச் செய்தபோது, வீட்டிலிருந்து கொண்டுவந்து வீட்டில் விட வாகன வசதி அளிக்கவேண்டுமென்பதை ஒரு நிபந்தனையாக விதித்தது. 2005-ஆம் வருஷத்துக் கிராம வேலை உறுதிச் சட்டத்தில், ஐந்து கிலோ மீட்டருக்கு அப்பால் வேலை கொடுத்தால் நூற்றுக்குப் பத்து வீதம் கூடுதல் கூலி கொடுக்கவேண்டுமென்ற விதி இருந்தது. ஆக, அடிபட்டால் வழியும் வேலையின் பகுதி. இரவானால் வழியும் வேலையின் பகுதி. சர்க்கார் வேலையானால் ஐந்து கிலோ மீட்டருக்குமேல் வழிக்கும் கூலி உண்டு. பகலில் பத்திரமாக வந்து தனியார் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவனுக்கு மட்டும் வழி அவனுடைய சொந்த விவகாரம்! இந்த முரண்பாட்டுக்கு நியாயம் சொல்ல எந்த வக்கீலாலும் முடியாது.

பிற தேசங்களில் இதற்கு வழி தேடியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1883-லேயே ரயில்வேக் கம்பெனிகள் தொழிலாளருக்காகக் குறைந்த கட்டண வண்டிகள் விடவேண்டுமென்று சட்டம் வந்தது. பிரேஸிலில் 1985-ஆம் வருஷத்துச் சட்டப்படி, தொழிலாளியின் அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு ஆறுக்கு மேற்பட்ட வழிச்செலவை முதலாளி ஏற்கவேண்டும். நமது உதாரணத்தில் 600 ரூபாய்க்கு ஆறு வீதம் 36 ரூபாய். பஸ் செலவு 80-இல் மீதி 44 ரூபாயை முதலாளி கொடுக்க வேண்டியதாகும். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் இங்கே அதை அப்படியே கொண்டுவந்தால், ஆள் எடுக்கும்போதே "எந்த ஊர்?" என்று கேட்டு, தூரத்து ஊர்க்காரனை வேண்டாமென்று சொல்லிவிடுவார்கள். மேலும், சந்திப்பில் நின்று நாளுக்கு ஒரு மேஸ்திரியிடம் வேலை செய்கிறவனுக்கு யார் முதலாளி? பிரான்ஸில் 1971 முதல், பாரிஸ் வட்டாரத்தில் தொடங்கி, வேறொரு முறை இருந்து வருகிறது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்குமேல் ஆள் வைத்திருக்கும் முதலாளிகள் தாங்கள் கொடுக்கும் மொத்தச் சம்பளத்தில் ஒரு சிறு வீதத்தைப் பொதுப் போக்குவரத்துக்கு வரியாகக் கொடுக்கிறார்கள். ஆள் எந்த ஊரிலிருந்து வந்தாலும் வரி ஒன்றே. ஆகவே தூரத்து ஊர்க்காரனை விலக்குவதில் லாபமில்லை. பணம் பஸ்ஸுக்குப் போகிறது; சந்திப்பில் நிற்கிறவனும் அந்த பஸ்ஸில் ஏறலாம். கப்பலூர்த் தொழிற்பேட்டையிலும், இலந்தைக்குளம், வடபழஞ்சி கம்ப்யூட்டர் தொழில் வளாகங்களிலும், பெரிய ஜவுளிக் கடைகளிலும், தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இப்படி ஒரு சிறு வீதம் வசூலித்து, ஷிப்டு நேரங்களுக்கு இசைய டவுன் பஸ் விடுவதையே நாம் சிபாரிசு செய்வோம். அதிகச் சம்பளம் வாங்குகிறவர்களை வீட்டு வாசலிலிருந்து காரில் அழைத்துப் போகும் வளாகத்துக்கு, அதைப் பெருக்கித் துடைக்கிறவள் இரண்டு பஸ் மாறி வருகிறாள் என்பதை அந்த நிர்வாகிகளும் மறுக்க மாட்டார்கள்.

வரி போடவும் சட்டம் செய்யவும் காலம் பிடிக்கும். காலமோ பணமோ அதிகம் பிடிக்காத காரியம் ஒன்று கையருகில் இருக்கிறது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை 90 கிலோ மீட்டர் ரயில் பாதை 1928-இல் திறக்கப்பட்டது. அந்தப் பாதை உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போகிறது. உசிலம்பட்டிச் சீமைக்கு வழி என்பது வெறும் வசதியன்று. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பதிவான பிரமலைக் கள்ளர்கள் அனுமதிச் சீட்டின்றி ஊரைவிட்டுப் போகக்கூடாது, இரவில் போலீஸ் காவலில் படுக்கவேண்டும் என்று அந்நிய சர்க்கார் வைத்திருந்தது. 1920 ஏப்ரல் 3-இல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்களைச் சுட்டுக் கொன்றது. இரவில் ஊரைவிட்டு நகர முடியாதவன் எந்த மில்லில் இரவு ஷிப்டு பார்க்க முடியும்? அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் ஒழிந்தது. வழி திறந்தது, வண்டிதான் சரியாக வந்து சேரவில்லை.

2009-இல் மாதம் 1,500 ரூபாய்க்கு மேற்படாத வருமானமுள்ளவர்களுக்கு 25 ரூபாயில் மாதச் சீட்டு என்று ரயில்வே அறிவித்தது. அடுத்த வருஷ முடிவிலேயே அகலப் பாதையாக்குவதற்காகப் போடி ரயிலை நிறுத்திவிட்டார்கள். பதினோரு வருஷங்களுக்குமேல் வண்டி இல்லை. அந்தப் பதினோரு வருஷங்களில் வேலைக்குப் போகும் வயதை எட்டிய பிள்ளைகளுக்கு ரயில் என்றால் என்னவென்றே தெரியாமற் போயிற்று; தவணைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொண்டார்கள். 2022 மே மாதத்தில் தேனி வரை வண்டி மறுபடி ஓடத் தொடங்கியபோது, குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய்க்குப் பதில் 30 ரூபாயாக இருந்தது. 2024 பிப்ரவரியில்தான் அது மறுபடி 10 ரூபாயாயிற்று. அந்த வண்டி மதுரையில் காலை எட்டரை மணி சுமாருக்குப் புறப்பட்டுத் தேனிக்குப் போய், மாலை ஆறு மணிக்குமேல் அங்கிருந்து திரும்பும்படி ஏற்பாடாயிற்று. 2023 ஜூனில் போடி வரை நீட்டியபோதும் போக்கு மாறவில்லை. மதுரையிலிருந்து தேனிக்கு உத்தியோகம் பார்க்கப் போகிறவர்களுக்கு இது சௌகரியமான நேரம். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குக் கூலிக்கு வருகிறவன் காலையில் ஸ்டேஷனுக்குப் போனால், வேலை இருக்கும் திக்கை விட்டு எதிர்த்திக்கில் போகும் வண்டியைத்தான் பார்க்கலாம்.

போடியில் விடியுமுன் ஒரு வண்டி புறப்பட்டு, ஏழு மணிக்குள் மதுரை வந்து, மாலை ஆறரைக்கு மதுரையை விட்டுத் திரும்ப வேண்டும். பாதை இருக்கிறது, ஸ்டேஷன்கள் இருக்கின்றன. ஒரு வண்டித் தொடர் இரவில் போடியில் தங்குவதற்கும் ஊழியர்களுக்கும் ஏற்பாடு செய்தால் போதும். மதுரை ரயில்வே டிவிஷன் அதிகாரிகளும், மதுரை, தேனித் தொகுதிகளின் பார்லிமெண்டு அங்கத்தினர்களும் கூடி உட்கார்ந்து பேசினால் அடுத்த கால அட்டவணையிலேயே இதைச் சேர்த்துவிடலாம்.